இன்னொரு டேக் போயிறலாமுங்களா

சிவசாமி சார் இன்று காலை இறந்துவிட்டார். சூலூர் பக்கம் பம்ப் கம்பெனி வைத்திருந்தாரே... அவர்தான்.

ஹார்ட் அட்டாக். காபி டம்ளரைக் கையில் வாங்கினாராம். அவ்வளவுதான்.

காலையிலிருந்து ஃபீட் முழுக்க அவர் போட்டோ. பெரிய மனுஷன், யாரையும் அதட்டிப் பேசாதவர் என்று எழுதுகிறார்கள். இரண்டாவது சத்தியமான உண்மை. ஒன்பது வருடம் அவருக்கு செக்ரட்டரியாக இருந்தேன். ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை.

யாரை வெட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் வெட்டுவார்.

கம்பெனியில் அவரும் அவர் தம்பியும் டைரக்டர்கள். லேத்தில் நின்று முதல் பம்பைச் செய்தது தம்பி. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது சார்.

ஒரு மீட்டிங்கில் அஜெண்டா பேப்பரைப் புரட்டும்போதுதான் தம்பிக்கே தெரிந்தது, மூன்றாவது ஐட்டம் தன்னை டைரக்டர் பதவியிலிருந்து எடுப்பது என்று. அதை டைப் அடித்து வைத்தது நான்.

"ஏனுங்ணா, ஊட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றார்.

"ஊட்டுல கம்பெனிப் பேச்சு வேண்டாம்னு நீங்கதானுங்க தம்பி சொல்லுவீங்க" என்றார் சார். "காபி வருது. குடிச்சுப்போட்டே போங்க."

குடித்தார். கப்பைத் தானே டிரேயில் வைத்துவிட்டு எழுந்து போனார். நாங்கள் எல்லோரும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் சாருக்கு சினிமா ஆசை வந்தது. பணம் போடுகிறவராக மட்டும் இருக்க முடியாது... டைரக்டராகத்தான் இருக்க வேண்டும்.

"இத்தன பேரு இருக்கற கம்பெனிய டைரக்ட் பண்றேன். ஒரு படத்த டைரக்ட் பண்றதுக்கு என்னங்க அம்மணி?" என்று சொல்லி, என்னையே அசிஸ்டென்ட் டைரக்டர் ஆக்கிவிட்டார்.

தொழிலாளிகளைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொள்ளும் ஒரு முதலாளியின் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஃபேக்டரியிலேயே ஷூட்டிங்.

அதில் ஒரு சீன். வில்லன் மேனேஜர், வயதான தொழிலாளி ஒருவரை வேலையை விட்டு அனுப்புவான். சென்னையிலிருந்து வந்த நடிகர் கிளிசரின் போட்டு நன்றாகத்தான் அழுதார்.

சாருக்குப் பிடிக்கவில்லை. "அழுகாச்சி வேண்டாமுங்க. மொகத்துல இருந்து ஏதோ ஒண்ணு எறங்கிப் போகோணும்."

மாரப்பண்ணனுக்கு ஆள் அனுப்பினார். வைண்டிங் செக்‌ஷனில் இருபத்தோரு வருடமாக மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். என் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறியவர்.

அவர் வருவதற்குள் சார் என்னை ஒரு லெட்டர் டைப் அடிக்கச் சொன்னார். கம்பெனி லெட்டர்ஹெட். மாரப்பண்ணன் பெயர், அவர் டோக்கன் நம்பர், நாளை முதல் பணி இல்லை என்று.

"சார்... கதைல அந்தக் கேரக்டர் பேரு வேறங்களே."

"இருக்கட்டும் அம்மணி. சீலும் வெச்சுருங்க."

மேற்கொண்டு கேட்டிருக்கலாம். புரிந்துபோனதால் கேட்கவில்லை. சீல் வைத்தேன்.

மாரப்பண்ணன் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்திருந்தார். "நா என்ன பண்ணோணுங் சார்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. லெட்டரப் பிரிச்சுப் படிங்க, போதும்."

கிளாப் அடித்தேன்.

படித்தார். பாதியில் நின்றார். கேமராவைப் பார்க்கவில்லை... அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார்.

"சார், இதுல எம்பேரல்லங்களா இருக்குது?"

சார் கட் சொல்லவில்லை. "மேல படிங்க."

படித்து முடித்தார். லெட்டரை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்கிரிப்டில் கும்பிடு கிடையாது.

கட். யூனிட் மொத்தமும் கைதட்டியது. அவர்களுக்கு அது நடிப்பு.

கைதட்டல் அடங்கியதும் மாரப்பண்ணன் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு ஃபஸ்ட் ஷிஃப்ட்தானுங்களே சார்?"

"வர வேண்டியதில்லீங்க. வைண்டிங்குக்கு மிஷின் வருது. அடுத்த மாசம் குடுக்க வேண்டிய லெட்டர்தான்... இன்னிக்கே குடுத்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து கேமராமேன், ஃபோகஸ் கொஞ்சம் போய்விட்டது என்றார்.

சார் எழுந்து வந்து மாரப்பண்ணன் தோளில் கை வைத்தார். "இன்னொரு டேக் போயிறலாமுங்களா?"

போனோம். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே லெட்டரைப் பிரித்து, முதல் வரியிலிருந்து படித்தார். நான் ஒவ்வொரு முறையும் கிளாப் அடித்தேன்.

நாலாவது டேக்கில் அவர் கும்பிடவில்லை. அதுதான் ஓகே ஆனது.

எடிட்டிங்கில் அந்த சீனையே தூக்கிவிட்டார்கள். படம் நீளமாம். "நல்ல சீன்தானுங்க அம்மணி, ஆனா கதைக்குத் தேவப்படல" என்றார் சார்.

டைட்டிலில் என் பெயர் வந்தது. அதற்கப்புறமும் நாலு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன்.

மாரப்பண்ணன் இப்போது வெள்ளகோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் யார் யாரிடமோ நம்பர் வாங்கி அவருக்குப் போன் போட்டேன். எதற்கென்று கேட்காதீர்கள். சார் போய்விட்டதைச் சொன்னேன்.

"அப்புடீங்களா..." என்றார். அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "எத்தன மணிக்கு எடுக்கறாங்களாம்?"

"மூணு மணிக்குங்ணா. நீங்க வாரீங்களா?"

"நான் எதுக்குக் கண்ணு. நீ போய்ட்டு வா."

சரியென்று வைக்கப் போனேன்.

"கண்ணு... லெட்டருக்கு அடீல, டைப் அடிச்சவங்க பேர ரெண்டெழுத்துல போடுவீங்களல்ல?"

"ஆமாங்ணா."

"மொத டேக்குலயே பாத்துட்டேன். மத்த மூணுலயும் அதத்தான் பாத்துட்டு நின்னேன்."

வைத்துவிட்டார்.

இப்போது சூலூர் பஸ்ஸில் இருக்கிறேன். மடியில் மாலை.

போய் வாருங்கள், சார்.