தண்ணீருக்குப் பூஜ்யம்

எங்கள் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் மலைச்சரிவுக் குடிசைக்காரர்களுக்குச் செலவே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சந்தலை எரிகிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் வருவது சூரியன் உதிப்பதைப் போல என்று நினைப்பவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

என் பக்கத்து வீட்டு டோர்கஸ், கெரேமா ஊர்க்காரி, பதினான்கு வருஷமாக ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். வீட்டில் ஐந்து பேர். ஊரிலிருந்து சொந்தங்கள் படகேறிவிட்டால் பதினைந்து. ஒருமுறை நான் எண்ணியபோது நாற்பது, பன்றியைச் சேர்க்காமல். வந்தவர்களைப் போ என்று எங்களால் சொல்ல முடியாது. அத்தனை பேருக்கும் தண்ணீர் அடிவாரத்துக் குழாய்க்காரனிடம்தான். கேன் இரண்டு கினா. தூக்கி ஏறும் முதுகுவலி தனி.

சென்ற மாதம் அலுவலகத்தில் வாடகைக்கும் தண்ணீருக்கும் சம்பளத்தோடு வீட்டுப்படி தர முடிவு செய்தார்கள். மேலாளர் லோஹியா படிவத்தோடு உட்கார்ந்தார்.

"வாடகை?"

"நிலத்துக்காரருக்கு மாசாமாசம் குடுக்கிறோம் பாஸ்."

"ரசீது?"

"அவரு எங்க எழுதுவாரு!"

"அப்ப பூஜ்யம். தண்ணி பில்லு?"

"கேன் கேனா வாங்குறோம் பாஸ். பில்லு வர்ற எடமா இருந்தா வீட்டுக்குள்ளயே குழாய் இருக்குமே!"

"அதுவும் பூஜ்யம். மகாராணி மாதிரி வாழ்றே டோர்கஸ். செலவெல்லாம் எனக்குத்தான்."

படி கிடையாது என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். அன்று அவள் மலையேறி வந்த வேகத்தில் சரளைக்கல் எல்லாம் கடலில் போய் விழுந்திருக்கும்.

மறுநாள் காலிக் கேன்களோடு வேலைக்குப் போனாள். மத்தியானம் அலுவலக முற்றத்துக் குழாயில், காவலாளி பார்க்கும்படியாகவே, மூன்றை நிரப்பினாள். அவன் அவளை லோஹியா முன் கொண்டுபோய் நிறுத்தினான்.

"கம்பெனித் தண்ணியவா திருடறே? சம்பளத்துல பிடிக்கிறேன் பாரு!"

"எவ்வளவு பாஸ்?"

"கேனுக்கு ரெண்டு கினா. வெளியில என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா?"

"எழுதிக் குடுங்க. பிற்பாடு மாத்திச் சொல்லக் கூடாதில்ல."

கோபத்தில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவள் அதை மேசையில் கிடந்த தன் படிவத்தின் மேல் வைத்தாள்.

"பில்லு கேட்டீங்களே, இந்தாங்க. வெலை தெரிஞ்சுக்கிட்டேதான் பூஜ்யம் போட்டீங்களா? கடல்மேல நிக்கிற வீட்டுல பொறந்தவரு நீங்க. உங்க ஹனுவாபாடா கிராமத்துல உங்கம்மா கேனோட வரிசையில நிக்கலையா?"

வாசலில் கூடியிருந்த துப்புரவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லோஹியா தண்ணீருக்கு நேரே இருந்த பூஜ்யத்தை மட்டும் அடித்துவிட்டுத் தொகை எழுதினார். வாடகையைத் தொடவில்லை.

பாதிப் படியோடு வந்தவள் கேனை என் வாசலில் 'ணங்' என்று வைத்தாள்.

"வாடகைக்கும் ரசீது வேணுமாம், பெரியம்மா. நாளைக்குப் பாயை எடுத்துட்டுப் போயி அவன் ஆபீஸ் ரூம்லயே படுக்கிறேன். தண்ணிக்கு எழுதின மாதிரி வாடகைன்னும் அவன் எதையாவது எழுதித்தானே ஆகணும்!"