ரங்கூன்காரியின் பானை

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு தூத்துக்குடியில் யாரும் யாரையும் நம்பவில்லை. விளக்குக்குக் கறுப்புத் தாள் சுற்றாதவன் ஒற்றன். கடற்கரையில் சும்மா நின்றவனும் ஒற்றன்தான். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ரங்கூனிலிருந்து தப்பி வந்த ஒருத்தி குடிவந்தாள். தமிழ்ப் பெண்தான். பாதி வழி நடந்தே வந்ததாகச் சொன்னாள்.

"நடந்து வந்தவ காலு இப்படி வெடிப்பில்லாமயா இருக்கும்?" என்று அம்மா அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அப்பா சர்க்காருக்குச் சங்கு குளித்தவர். அவரைப் போல மூச்சடக்க அந்தக் கரையில் ஆளில்லை. இதை நான் எவரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சங்கு எடுக்கும்போது முத்துச்சிப்பி கண்ணில் பட்டாலும் தொடக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

கொஞ்ச நாளில் பின்னறையிலிருந்து நாற்றம் கிளம்பியது. மூடிவைத்த பானை ஒன்றை ஈ மொய்த்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிப்பியை அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு அலசித்தான் முத்தெடுப்பார்கள்.

"ஏளா, ஒங்க வீட்டு ஈயெல்லாம் முத்து மூக்குத்தி போட்டுட்டு வருதே!" என்றாள் குழாயடியில் ஒருத்தி. அம்மா குடத்தை நிரப்பாமலே திரும்பினாள்.

"நீங்கதான் அவளுக்கு எடுத்துக் குடுத்தியளா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"ஒனக்குப் புத்தி பெரண்டுட்டா?"

மறுநாள் காலையில் சர்க்கார் ஆள் ஒருவர் போலீஸ்காரரோடு வந்து நின்றார். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பானையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே கறுப்பாகக் குழைந்த ஏதோ ஒன்று.

"ஙப்பி ஐயா. கூனி இறால இடிச்சு, உப்புப் போட்டுப் புளிக்க வச்சது. பர்மாவுல இது இல்லாமச் சோறு எறங்காது. இங்கன சோத்துக்கு அரிசி ஏது? கஞ்சிக்குத் தொட்டுக்கிடுதேன்."

வந்தவர் குச்சியால் இரண்டு சுற்றுக் கிளறினார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூடும்மா, மூடு" என்று போய்விட்டார்.

அப்பா தெருக்கதவைச் சாத்தினார். பானையில் வாளித் தண்ணீரை ஊற்றி, அத்தனையையும் சல்லடையில் கொட்டி விரலால் துழாவினார்.

"வேற எவனாவது முத்தக் குடுத்து வச்சிருந்தா? போறது என் பொழப்புல்லா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

இறால் கண்ணும் காலும்தான் மிஞ்சின. அவள் பின்னறை வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அடியிலயும் நல்லாப் பாருங்க அண்ணாச்சி."

அவள் கஞ்சிக்கு வைத்திருந்ததெல்லாம் சாக்கடையில் ஓடியது. மறுநாள் வேம்பாரில் உறவு இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டாள்.

அவள் போனதும் அம்மா அந்த அறையை மூலை மூலையாகப் பெருக்கினாள். குப்பையைக் கொட்டாமல் முறத்தில் வைத்துக் கிண்டினாள். பிறகு சாக்கடை ஓரம் குந்தி, வண்டலுக்குள் கையை விட்டாள்.

"ஒண்ணும் இல்லியாம்மா?" என்றேன்.

"முழுங்கிட்டுப் போயிருப்பா," என்றாள்.