பாம்புப் பெட்டியில் பூஞ்சணம்

என் பாம்புப் பெட்டியின் பின்மூலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் பிடித்ததை முதன்முதலில் பார்த்தபோது, குற்றவாளியை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். பெட்டிக்குள் பரப்புகிற படுக்கையை விற்ற கடைதான். கோபம் வந்தால் எனக்கு ஆள் கிடைக்கத் தாமதமாவதில்லை. டவுன்டவுனில் ஒரு தொலைபேசிக் கம்பனியில் முறைப்பாடு கேட்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் யார் யாரோ திட்டுவார்கள், நான் "மெர்சி", நன்றி என்று சொல்லி வைப்பேன். விழுங்கியது அத்தனையும் மாலையில் யாராவது ஒருவரின் தலையில்தான் இறங்கும்.

பாம்பு என்றதும் பயப்பட வேண்டாம். சோளப்பாம்பு, செம்மஞ்சள் நிறம், நஞ்சில்லை, படமெடுக்கத் தெரியாது. அதற்குப் பெட்டியில் ஒரு பக்கம் சூடு வேண்டும், மறுபக்கம் குளிர்ச்சி வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ந்த படுக்கை வேண்டும். நான் ஆஸ்பென் மரச்சீவல் போட்டிருந்தேன். பாம்பு அதைக் கிண்டிச் சுரங்கம் போட்டுப் படுக்கும். ஈரம் பட்டால் மட்டும் சீவல் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கழிவைத் தினமும் அள்ளுவேன், மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் கொட்டிப் பெட்டியைக் கழுவித் துடைப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவளின் பெட்டியில் பூஞ்சணமா?

மிச்சச் சீவலை மூடையோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தலைமயிருக்கு நீலம் பூசிய பெண் ஒருத்தி பொறுமையாகக் கேட்டாள், தண்ணீர்க் கிண்ணம் சிந்துகிறதா என்று. என்னைப் பார்த்தால் தண்ணீர் சிந்துகிறவளாகத் தெரிகிறதா என்று திருப்பிக் கேட்டேன். அவள் சீவலை வாங்கி வைத்துவிட்டு, ஈரத்தைத் தாங்கும் என்று சொல்லித் தென்னந்தும்புத் தூளைக் கட்டியாகத் தந்தாள். யாழ்ப்பாணத்தாளுக்கே தும்பு விற்கிறாளே என்று கறுவியபடி வாங்கி வந்தேன். கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பிழிந்து, பேப்பரில் பரப்பி, இரண்டு நாள் காயவைத்துப் போட்டேன். மூன்றாம் கிழமை அதே மூலையில் அதே பூஞ்சணம்.

அடுத்த குற்றவாளி எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். லாசால் பகுதியில் நானும் அம்மாவும் இருப்பது பாதி நிலத்துக்குள் இறங்கிய வீடு. பனி கரைகிற நேரம், சுவர் கசியாமல் இருக்குமா? அவர் ஈரம் அளக்கிற ஒரு கருவியைக் கொண்டுவந்து சுவரெங்கும் குத்திப் பார்த்துவிட்டுச் சுவர் காய்ந்துதான் இருக்கிறது என்றார். உங்கள் கருவி பழுது என்று சொல்லி அனுப்பினேன். பெட்டிக்குள் என் சொந்த மீற்றரும் ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே என்றுதான் காட்டியது. அதையும் நம்பாமல் புதிது வாங்கினேன். சுவரும் காய்ந்து, காற்றும் காய்ந்து, ஒரு மூலை மட்டும் ஈரமாகிறது என்றால் மூளை உள்ள எவருக்கும் விளங்கியிருக்கும். புளித்த மணம் ஒன்று அவ்வப்போது வந்ததும் உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் அம்மா போடுகிற சாம்பிராணிப் புகையில் அதுவும் அமுங்கிப்போகும். புகை பாம்புக்குக் கூடாது என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

சித்திரை முடிவில் பாம்பு சாப்பிடாமல் விட்டது. பிறகு தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. மூக்கருகில் சின்னக் குமிழ்கள். அது செத்தால் நான் தாங்கமாட்டேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரிடம் கொண்டுபோக வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா தலைமுழுகி, ஈரக் கூந்தலோடு பெட்டிக்கு முன்னால் நின்றார். கையில் சாமிக்குப் பால் வைக்கிற சில்வர் டம்ளர். மூடியைத் திறக்கப் பயம், அதனால் வலைமூடியின் மேலாகவே மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். பால் வலைக்குள்ளால் இறங்கிப் பின்மூலைத் தும்பில் ஊறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"பால் வைக்கிறன் பிள்ளை."

"எத்தினை நாளா?"

"தையிலையிருந்து. வெள்ளிக்கிழமையிலை மட்டும்தான்."

என் கலியாணம் எட்டு மாதத்தில் முறிந்து நான் அம்மாவிடம் திரும்பி வந்த நாளிலிருந்து, ரொறொன்ரோவில் இருக்கிற பெரியம்மா போனில் நாகதோஷம் நாகதோஷம் என்று ஓதிக்கொண்டேயிருந்தார். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அமெரிக்கச் சோளப்பாம்பை நாகதம்பிரான் சாமியாக்கி, எனக்கு அடுத்த மாப்பிள்ளை கேட்டுப் பால் வார்க்கிறார்கள்! கம்பனியில் விழுங்கியது, கடைக்காரியிடம் மிஞ்சியது, வீட்டுக்காரரிடம் கொட்டாதது எல்லாம் சேர்ந்து வந்தது.

"பாம்பு பால் குடிக்காது! அந்தப் பால் ஊறித்தான் பூஞ்சணம் பிடிச்சது, அதாலைதான் அது மூச்சுவிடேலாமல் கிடக்குது. உங்கடை தோஷக் கதையை ஏன் என்ரை பெட்டிக்குள்ளை ஊத்துறீங்கள்? நீங்கள்தான் இதைக் கொல்லுறீங்கள். இனி இந்தப் பக்கம் வராதேங்கோ!"

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனார்.

மிருக டாக்டர் பாம்பின் வாயைத் திறந்து பார்த்தார். நுரையீரலில் கிருமி. ஈரப் படுக்கையும் பூஞ்சணமும் அதற்கு நல்ல இடம் கொடுத்திருக்கின்றன. சீவல், தும்பு எதுவும் வேண்டாம், குணமாகும்வரை வெறும் கடதாசித் துவாய், அதைத் தினமும் மாற்ற வேண்டும். முதல் ஊசியை அவரே போட்டார். இனி மூன்று நாளுக்கு ஒரு தரம் வீட்டில் நான் போட வேண்டும், பாம்பைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். பிழைக்குமா என்று கேட்டேன். பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், பார்ப்போம் என்றார்.

மூன்று நாள் அம்மாவோடு நான் கதைக்கவில்லை. திங்கட்கிழமை மாலை ஊசியை நிரப்பிக்கொண்டு தனியாகப் பிடித்துப் பார்த்தேன். பாம்பு கையைச் சுற்றி இறுக்கியது, ஊசி நிலத்தில் விழுந்தது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலும் நல்ல குரலில்லை.

அம்மா வந்தார். எட்டி நின்றுகூட அதை நேரே பார்க்காதவர், நான் காட்டியபடி ஒரு கையைத் தலைக்குப் பின்னாலும் மறுகையை உடலிலும் வைத்துப் பிடித்தார். பாம்பு நெளிந்தபோதும் விடவில்லை.

"உன்ரை கலியாணத்துக்குப் பால் வைச்சனானெண்டே நினைச்சனீ?" என்றார், பாம்பைப் பார்த்தபடியே.

"வேறை என்னத்துக்கு?"

"நீ வந்து ஆறு மாசம் கட்டிலை விட்டு எழும்பேல்லை. சோத்தைக் கொண்டந்து வைச்சா அப்பிடியே கிடக்கும். நான் கெஞ்சினன், பேசினன், அழுதன். ஒண்டுக்கும் அசையேல்லை. பேந்து இந்தப் பெட்டியோடை இவர் வந்தார். இவருக்குச் சாப்பாடு வைக்கவெண்டு எழும்பினனீ, பிறகு நீயும் சாப்பிட்டனீ. இவருக்கு ஒண்டு நடந்தா நீ திரும்பப் படுத்திடுவாயெண்டு எனக்குப் பயம். இவர் கனகாலம் இருக்கோணுமெண்டுதான் வைச்சனான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். அப்போதும் எனக்குக் கத்தத்தான் வந்தது.

"உனக்கு ஆர் என்னத்தைச் சொல்லேலும்?"

ஊசியை ஏற்றினேன். பாம்பு ஒருமுறை துடித்து அடங்கியது. பெட்டிக்குள் விட்டு மூடிய பிறகும் அம்மா கைகளை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தான் செய்துபோட்டன் என்ன? பிழைக்குமோ பிள்ளை?"

டாக்டர் எனக்கு அப்படியொரு வாக்கும் தந்திருக்கவில்லை.

"ஓம் அம்மா, பிழைக்கும்," என்றேன்.