யாருக்கும் போகாத பாக்கெட்டுகள்

அன்றைக்குக் காலை பதினோரு மணிவாக்கில் எங்கள் தெருவில் நெட் போனது. போனது என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாகவே இருந்தது. எதைத் திறந்தாலும் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது.

"இன்னாமா, மேல உனுக்கு நெட்டு வருதா?" கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"வரல நைனா. பாய்க்குப் போன் போடுங்க."

எங்கள் பகுதிக்கு கேபிள் டி.வி.யும் இன்டர்நெட்டும் கொடுப்பவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். ஏணியைத் தானே சுமந்து வந்து தானே கம்பத்தில் ஏறுவார். போனில் அவர் சொன்ன பதில் மாடிவரை கேட்டது: "கொரங்கு கடிச்சிருக்கும், வரேன்." செஞ்சியில் நெட் போனால் முதல் சந்தேகம் குரங்கின்மேல்தான். மலையிலிருந்து இறங்கி வருபவை எங்கள் தெருக் கம்பிகளில் ஊஞ்சலாடுவது தினப்படி நடப்பது.

நான் பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நெட்வொர்க் சுவிட்ச் செய்யும் கம்பெனி. பல கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். பாக்கெட் பாக்கெட்டாக வருகிற தகவல் யாருக்கு என்று முகவரியைப் பார்த்து, அந்தக் கம்ப்யூட்டரின் பக்கம் மட்டும் தள்ளிவிடும். புதிதாகச் செய்த பெட்டி ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். அது எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. ஆபீசில் அதை பாக்கெட்ஜென் என்போம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு, உள்ளே ஒன்றுமில்லாத சின்னச் சின்ன பாக்கெட்டுகளை வினாடிக்கு லட்சக்கணக்கில் அனுப்பும். நான் அதுவரை அதைத் தொட்டதில்லை. தொட்ட நாளிலிருந்தே குழப்பம்தான். அதற்குத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது. டிஸ்க்கில் எங்கேயும் இல்லாத சில கோப்புகளுக்குள் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். எத்தனை பாக்கெட் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினால் ஒன்றையும் அனுப்பாது என்றுதானே நினைப்போம்? நிறுத்தும்வரை அனுப்பிக்கொண்டே இரு என்று அதற்கு அர்த்தமாம். நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

பாயின் லைன் எங்கள் வீட்டுக்குள் மாடி ஜன்னல் வழியாக வந்து, கீழே ரவுட்டருக்குப் போகிறது. வீட்டு நெட்டையும் சேர்த்துத் தாங்குகிறதா பார்ப்போமே என்று, அன்று காலை அந்த லைனைப் பிடுங்கி இந்தப் புதுப் பெட்டியில் சொருகியிருந்தேன். அங்கிருந்து ஒன்று ரவுட்டருக்கு, இரண்டு என் டெஸ்ட் கம்ப்யூட்டர்களுக்கு. பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

ஓட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. அனுப்புகிற கம்ப்யூட்டர் கோடிக்கணக்கில் அனுப்பிவிட்டேன் என்றது. வாங்குகிற கம்ப்யூட்டர் பூஜ்யம் என்றது. சரி, உண்மையிலேயே வெளியே போகிறதா என்று, போகிற வருகிற பாக்கெட்டுகளைப் படம் பிடித்துக் காட்டும் இன்னொரு கருவியை அனுப்புகிற கம்ப்யூட்டரில் திறந்தேன். அதில் ஒரு பாக்கெட்கூடப் போகக் காணோம். ஒருவன் கோடி என்கிறான், ஒருவன் பூஜ்யம் என்கிறான், மூன்றாமவன் எதுவுமே நடக்கவில்லை என்கிறான். யாரை நம்புவது? மண்டை காய்ந்துபோய், ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, தெருமுனை இ-சேவை மையத்திலாவது நெட் இருக்கிறதா பார்க்கலாம் என்று நடந்தேன்.

அந்த மையத்தை நடத்தும் அக்காவும் பாயின் லைன்தான் வைத்திருக்கிறார். உள்ளே ஏழெட்டுப் பேர். மேஜை முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்து, வலது கைக் கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க நெட் இருக்குதா?"

"இருக்குற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. இந்தப் பெரிம்மாக்கு ரேகை எடுக்கவே மாட்டேங்குது. நாலு தபா வச்சாச்சி."

அவர் தளவானூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். இறந்துபோன கணவரின் பென்ஷன் தொடர்ந்து வர வேண்டுமென்றால், தான் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒருமுறை கைரேகை வைத்துக் காட்ட வேண்டும். வைத்தால், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, "சரிபார்க்க இயலவில்லை" என்று வந்து நிற்கிறது.

"மல்லாட்ட பறிச்சிப் பறிச்சி ரேக தேஞ்சி பூட்ச்சிமா," என்றார் அவர் என்னிடம், நான் கேட்காமலே. விரலை நீட்டிக் காட்டினார். நிலக்கடலை பறித்துப் பறித்து மண் ஏறிய வெடிப்புகள். ரேகை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் படித்தவள் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சோப்பு போட்டுக் கழுவிட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்க பெரிம்மா" என்றேன். அவர் எழுந்துபோய் பின்பக்கக் குழாயில் கழுவிவிட்டு வந்தார். அக்கா எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். எடுக்கவில்லை. மறுபடி கழுவினார். இடது கை வைத்தார். அதுவும் எடுக்கவில்லை.

"பத்து நாள் கைக்கு வேல குடுக்காம இருந்தா ரேகை திரும்ப வந்துடும்," என்றார் அக்கா.

"பத்து நாளு கையக் கட்டிக்கினு குந்தினா எங்க கொல்லைல யாரு பறிக்கிறது?"

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். நான் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் பாய் ஏணி போட்டு எங்கள் கம்பத்தில் ஏறியிருந்தார். மாடிக்குப் போய், ஏதாவது மாற்றிப் பார்க்கலாம் என்று டெஸ்ட்டை நிறுத்தினேன். "வந்துட்ச்சி!" என்றார் நைனா கீழேயிருந்து. "ரெண்டு ஜாயிண்ட்ட முறுக்கினேன், அவ்ளோதான்" என்றார் பாய் ஏணியிலிருந்து. அவர் இறங்கி ஏணியை மடக்கினார். நான் மறுபடி ஓட்டினேன். "பூட்ச்சி!" என்றார் நைனா.

இப்படி இரண்டு தடவை நடந்தது. எனக்கு உறைக்கவே இல்லை என்று இன்று சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். என் பாக்கெட்டுகள் என் மேஜையைத் தாண்டவில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். படம் பிடிக்கிற கருவியே எதுவும் போகவில்லை என்கிறதே.

மூன்றாம் தடவை பாய் கம்பத்தில் ஏறவில்லை. தெருவுக்கெல்லாம் லைன் பிரிகிற இரும்புப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வீட்டுக் கேபிளாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். பிறகு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"எம்மா, உங்க வூட்டு லைனப் புடுங்கினா ஊரு நல்லா இருக்குது. சொருகினா பூடுது. மேல இன்னா வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லியே பாய்" என்றேன். சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினேன். நான் எழுதிய வரிகளை முதலிலிருந்து படித்தேன். வாங்குகிற கம்ப்யூட்டரின் முகவரியை அதன் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அடித்திருந்தேன். ஸ்டிக்கரில் 'B' என்று இருந்த ஆங்கில எழுத்தை 8 என்று படித்திருக்கிறேன். பன்னிரண்டு எழுத்தில் ஒன்று தப்பு. அந்த முகவரியில் ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது. யாருக்கு என்று தெரியாத பாக்கெட்டை சுவிட்ச் என்ன செய்யும்? யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று தன்னிடம் வந்து சேரும் எல்லாக் கேபிளிலும் அனுப்பும். அதில் ஒரு கேபிள் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது. தெருப் பெட்டியும் அதையேதான் செய்யும். படம் பிடிக்கிற கருவி ஏன் எதையும் காட்டவில்லை என்று அப்புறம் படித்தேன்: பாக்கெட்ஜென் வழக்கமான பாதையில் போகாமல் நேராக, கேபிள் சொருகும் நெட்வொர்க் கார்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுமாம். காவல்காரன் வாசலில் நிற்க, இது சுவரேறிக் குதித்திருக்கிறது.

கேபிளைப் பிடுங்கினேன். அப்போதுதான் அந்த விரல் ஞாபகம் வந்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நல்லவேளை, தளவானூர் பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிம்மா, உங்க விரல்ல தப்பில்ல. தப்பு என்மேல. நான் வீட்ல ஒரு மெஷின் ஓட்டினேன், அதுல தெருவுக்கே நெட் அடைச்சிக்கிச்சு. இப்ப வாங்க, எடுக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சோப்பு போடச் சொன்னது நீதான?"

"நான்தான்."

"உங்க வூட்ல மெஷினு ஓடினா, என் வெரலு எப்பிடிமா தேயும்?"

"தேயல பெரிம்மா. நான் அனுப்புனது வழியெல்லாம் ரொம்பிப் போச்சி. உங்க ரேகை போறதுக்கு வழி இல்ல."

"இன்னா அனுப்புன?"

"ஒண்ணுமில்ல. உள்ள ஒண்ணும் இல்லாத பாக்கெட்டு."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

இந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் எழுந்து ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். வழியில் ஒருமுறை மட்டும், "அப்ப நான் உயிரோடத்தான கீறேன்?" என்று கேட்டார். கேலியா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இருக்கீங்க பெரிம்மா" என்றேன்.

மையத்தில் விரலை வைத்த மாத்திரத்தில் எடுத்தது. அக்கா காகிதத்தை அச்செடுத்துக் கொடுத்தார். எல்லோர் முன்னிலும் நடந்ததைச் சொன்னேன். பெரிம்மா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்ச பொண்ணு, ஒத்துக்கினு வந்துச்சி" என்றார். என்னை மன்னித்தாரா, நான் சொன்னதை நம்பினாரா, தெரியாது. பஸ் ஸ்டாண்டில் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

பாய் அடுத்த நாள் வந்து, எங்கள் லைனை நேராக ரவுட்டருக்கே இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். "உன் பொட்டிய உன்னோடயே வச்சிக்கமா" என்றார். சரியான முகவரி போட்டு ஓட்டினேன். அனுப்பியதும் வாங்கியதும் ஒத்துப்போயின. பெட்டி நல்ல பெட்டிதான் என்று ஆபீசுக்கு எழுதினேன்.

இப்போதும் தெருவில் நெட் நின்றால், அக்கா தெருமுனையிலிருந்தே குரல் கொடுக்கிறார்: "இன்னாமா, ஆரம்பிச்சிட்டியா?" அந்த நேரத்தில் நான் சமையலறையில் நிற்பேன், மாடிக் கம்ப்யூட்டர்கள் அணைந்து கிடக்கும். இருந்தாலும் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு, மேலே போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.