அளத்து ரோட்டு நடைக்காரி

விஜிலாவும் நானும் தூத்துக்குடியில் ஒரே உப்பளத்தில் உப்பு சுமக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் போனில் நாடகம் பார்ப்பார்கள். இவள் ஜப்பானிலும் சீனாவிலும் நடைப்போட்டியில் யார் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பாள். "இருவது கிலோமீட்டரு, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. ஓடல கேட்டியா, நடந்துருக்கா," என்று என் முகத்துக்கு நேரே போனை நீட்டுவாள்.

பள்ளியில் படித்தபோது அவளும் மாவட்ட அளவில் நடந்தவள்தான். கல்யாணத்தோடு நின்றது. இப்போது நாற்பத்திரண்டு வயதில், விடியற்காலையில் அளத்துக்குப் போகும் ரோட்டில் ஆறு பெண்பிள்ளைகளை நடக்கவைக்கிறாள். அதில் வேகமானவள் பதினாறு வயது இந்துமதி. எங்களோடு வேலை செய்யும் செந்தில்முருகன் அண்ணனின் மகள்.

நடைப்போட்டியில் முன்னால் ஊன்றும் காலின் முட்டி மடங்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் வராது. தலையில் உப்போடு ஈர வரப்பில் போகிறவள் முட்டியைத் தளர்த்தித்தான் கால் வைப்பாள்; விறைத்தால் வழுக்கிவிடும். லீவு நாட்களில் அப்பாவோடு சுமந்து இந்துமதிக்கும் அதுவே பழகிவிட்டது. போன மாதம் மாவட்டப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முட்டி மடங்குகிறது என்று மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்து அவளை வெளியேற்றினார்கள்.

மறுநாள் அளத்தில் அண்ணன் சத்தம் போட்டார். "ஏளா விஜிலா, இடுப்ப ஆட்டி நடக்கதுக்கு ஒரு போட்டியா? அதுலயும் வெளிய தள்ளிட்டானுவ. ஊரே சிரிக்கி. இனிமே எம்மவ உங்கூட வரமாட்டா."

"தப்பு அவ கால்ல இல்ல அண்ணாச்சி. நீரு அவ தலையில ஏத்துன உப்புல இருக்கு. சொமை தூக்காம மூணு மாசம் தாரும்."

"கோச்சு பேசுதாங்க, ஒதுங்குங்கல!" என்று யாரோ சொல்ல, வரப்பெல்லாம் சிரிப்பு.

விஜிலா கூடையை இறக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டியை நீட்டி, இடுப்பு ஆட ஆட வரப்பின் கடைசிவரை நடந்தாள். விசில் அடித்தார்கள். திரும்பி வரும்போது வழுக்கி விழுந்தாள். எழுந்து, சேற்றோடு அதே நடையில் வந்து நின்றாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? இல்ல, இன்னொரு மட்டம் போயிட்டு வரட்டா?"

அண்ணன் மசியவில்லை. விடியற்காலை நடைக்கு மகளை அனுப்பவில்லை. சனிக்கிழமை தன்னோடு உப்பு சுமக்க வந்தாக வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் வேனில் போனபோது, அப்பாவுக்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பிவிட்ட இந்துமதி ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் விஜிலா. அண்ணன் வேனை நிறுத்தச் சொன்னார்.

"ஏறுளா!"

"நீங்க போங்கப்பா. நான் நடந்து வாரேன். ஆனா சொமக்க மாட்டேன்."

அவர் விஜிலாவை முறைத்தார். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"நடக்கதான் சொல்லிக் குடுத்தேன். பேச்சு அவளோட பேச்சு."

டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள், நிற்கவில்லை.

அன்று அண்ணன், மகள் சுமக்க வேண்டிய உப்பையும் சேர்த்துச் சுமந்தார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.