மெஹராஜிடம் கேட்காமல் விட்டவை

ஜெய்னுலாபுதீன் சார்ஜாவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு நாகூருக்கே வந்து சேர்ந்தார். கடற்கரைக்குப் போகும் சாலையில் வலையும் நைலான் கயிறும் விற்கும் ஒரு சின்னக் கடை போட்டார். அவர் விடுமுறைக்கு மட்டும் வந்துபோன அத்தனை காலமும் வீட்டையும் மகள் நிலோஃபரையும் பார்த்துக்கொண்டவர் மனைவி மெஹராஜ் பேகம்.

சார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜாஃபர் சாதிக், ஊர் திரும்பிய மறு வருடமே பள்ளிவாசல் படியில் சரிந்து இறந்துபோனார். ஜனாஸாவுக்குப் போய்வந்த நாளிலிருந்து ஜெய்னுலாபுதீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெஹராஜ்தான் வற்புறுத்தி அவரைத் தஞ்சாவூருக்கு, இதய டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். வயது, சிகரெட், பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததா, வந்தது எந்த வயதில். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்கள மாதிரி நூறு பேர எடுத்துக்கிட்டா, அடுத்த பத்து வருஷத்துல ஒரு இருபது பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். அதுல நீங்க இருப்பீங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா சிகரெட்ட விட்டு, பிரஷரக் கட்டுப்பாட்டுல வச்சா அந்த இருபதக் குறைக்கலாம்."

பிறகு மெஹராஜின் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒரு தடவ பாத்துக்குங்களேம்மா."

மெஹராஜ் கணவரைப் பார்த்தார். ஜெய்னுலாபுதீன் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். "அவளுக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, இன்னொரு தடவ பாத்துக்கலாம்."

வீட்டில் எல்லாம் மாறியது. நெய்ச்சோறு பெருநாளுக்கு மட்டும் என்றானது. அவருக்கென்று உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு வைத்தார் மெஹராஜ். வீட்டுக்குப் பழைய ருசியில் வைத்த குழம்பில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் தானே சாப்பிட்டு முடித்தார். விடிந்ததும் ஜெய்னுலாபுதீன் கடற்கரையில் நடந்துவிட்டு வருவார். "நீயும் வாயேன்" என்று சில நாள் கூப்பிட்டார். "நீங்க போங்க, எனக்கு வேல கெடக்கு" என்பார் மெஹராஜ். அவர் மறுபடி கூப்பிடவில்லை. சிகரெட் நின்றது, பிரஷர் இறங்கியது. அடுத்த முறை பார்த்த டாக்டர் பாராட்டினார்.

போன ஐப்பசியில் மெஹராஜ் முதுகு வலிக்கிறது என்றார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஜெய்னுலாபுதீன் தைலம் வாங்கிவந்து தடவிவிட்டார். அடுத்த வாரம் ஒரு காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி வந்தது.

"கேஸா இருக்கும். ஒரு சோடா குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு அவர் கடையைத் திறக்கப் போனார். நெஞ்சுவலி என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அப்போது அவருக்கிருந்த தைரியம்.

மதியம் சாப்பிட வந்தபோது மெஹராஜ் சுவரில் சாய்ந்து, பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். நாகப்பட்டினத்தில் ஈசிஜி எடுத்ததுமே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அடைப்பை எடுத்தார்கள்; உயிர் தப்பியது. ஆனால் வந்து சேர்ந்தது தாமதம், இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்கள்.

அன்று டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் ஜெய்னுலாபுதீனை வெளியே அழைத்து விவரம் கேட்டார்.

"சுகர் எத்தன வருஷமா இருக்கு?"

"சுகரா? அவளுக்கா?"

"இப்ப நானூறுக்கு மேல இருக்கு. குழந்த உண்டாயிருந்தப்ப சுகர், பிரஷர் ஏதாவது இருந்துச்சா?"

"நான் அப்ப சார்ஜால இருந்தேன்."

"அவங்க அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சன உண்டா? எந்த வயசுல தவறுனாங்க?"

மாமி இறந்த செய்தி அவருக்குப் போனில்தான் வந்தது. என்னவாக இருந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கூட வந்திருந்த நிலோஃபர்தான் முன்னால் வந்து சொன்னாள். "நான் வயித்துல இருந்தப்ப உம்மாவுக்கு சுகர் வந்துச்சு டாக்டர். நன்னிம்மா நெஞ்சுவலியிலதான் மவுத்தானாங்க. அப்ப அவங்களுக்கு அம்பதுகூட ஆகல."

"இது ரெண்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் பாக்கச் சொல்லியிருப்போம்" என்றார் டாக்டர். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. அதனாலேயே ஜெய்னுலாபுதீனுக்குத் தாங்க முடியவில்லை.

இப்போது மெஹராஜால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. சமையல் ஜெய்னுலாபுதீனுடையது. கடையை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறார். சில மாலைகளில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, தான் இல்லாத வருடங்களைப் பற்றிக் கேட்கிறார். பிரசவத்தின்போது யார் கூட இருந்தது, ஊசி போட்டார்களா, பயந்தாயா.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்கிறார் மெஹராஜ். அவர் விடாமல் கேட்டால் கொஞ்சம் சொல்லுவார். பாதி மெஹராஜுக்கே மறந்துபோயிருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது களைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஜெய்னுலாபுதீன் மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டு, மனைவி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.