ஆள் இல்லாத நேரத்தில் உறுமும் கம்ப்யூட்டர்

என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். அதற்கு முன் பதினெட்டு வருஷம் ஒரு விடுதியின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை நோட்டில் எழுதியவர். சந்தேகப்படுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

கம்ப்யூட்டரையும் அப்படியே நடத்தினார். காலையில் வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னணியில் ஓடுகிற புரோகிராம்களின் பெயர்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். "ஒரே பேர்ல முப்பது பேரு நிக்கிறானுங்க. இது குடும்பமா, கும்பலா?" என்று எனக்கு ஃபோன் வரும். நான் இருப்பது கடல் தாண்டி. நானும் வங்கி அனுப்பும் மெயிலையே மூன்று முறை உற்றுப் பார்த்துத் திறக்கிற ஆள்தான். இருந்தும் "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் மாமா" என்பேன். ஒருமுறை கேட்காமல் அதில் ஒன்றை நிறுத்திவிட்டார். திரை கறுத்தது. வாயைப் பிளந்தபடி இருந்த நோயாளிக்கு மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. அதுவும் சாப்பாட்டு நேரத்தில் அதன் ஃபேன் உறுமும். அப்போது அறையில் இருப்பவள் புது உதவியாளர் மட்டும்தான். கருவிகளைக் கழுவி அடுக்குகிற பெண். சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் வேறு தொங்கும். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. "ஏதோ வைரஸைக் கொண்டு வந்து விட்டிருக்கா. வெள்ளிக்கிழமையோட நிறுத்திடலாம்."

வியாழன் மத்தியானம் மாமா ஃபோனில் கிசுகிசுத்தார். "பிடிச்சுட்டேன்! நான் மவுஸைத் தொட்டா கப்சிப்னு அடங்குறான். எழுந்து போனா ஆரம்பிக்கிறான். சுத்தத் திருட்டு லட்சணம்."

"ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டிப் பெருக்குறவனும் அப்படித்தான் மாமா. ரைட் கிளிக் பண்ணி, எந்த ஃபோல்டர்ல இருக்கான்னு பாருங்க."

சிஸ்டம் ஃபோல்டர், அவன் இருக்க வேண்டிய இடம்தான். தயாரித்த கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. உறுமியது வைரஸைத் தேடும் புரோகிராமேதான். மாமாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நோட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "விடுதியில குடியிருக்கிறவன் பேரைச் சொல்லிட்டு எவனெவனோ நுழைவான். பேரு சரியாத்தான் இருக்கும், ரூம் எதுன்னு கேட்டா முழிப்பான்," என்றார். அந்த முப்பது பேரையும் ஒவ்வொருவராக விசாரிக்க உட்கார்ந்தார். நான் மறுமுனையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்றாவது ஆள் மாட்டினான். அதே பெயர், ஆனால் இருப்பிடம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். கையொப்பம் இல்லை. பக்கத்திலேயே, படங்களை பிடிஎஃப் ஆக்கும் இலவசப் புரோகிராம் ஒன்று. இரண்டும் வந்து இறங்கியது ஒரே நாளில், மூன்று மாதத்துக்கு முன். அந்தப் பெண் வேலையில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது.

மாமா நோட்டைப் புரட்டினார். "அன்னைக்கு நான் லீவு. இந்த மேசையில உக்காந்தது டாக்டரு."

"சொல்லப்போறீங்களா?"

"தேதியைக் காட்டுறேன். அவரே படிச்சுக்கட்டும்."

டாக்டர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதோ ஒரு ஃபாரத்தைப் பிடிஎஃப்பா மாத்த வேண்டியிருந்துச்சு..." என்று இழுத்தார். அன்று மாலையே நெட்டைப் பிடுங்கிவிட்டு, டெக்னீஷியனை வரவழைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வழக்கம்போல் வந்து கருவிகளைக் கழுவினாள். திங்கட்கிழமையும் வந்தாள்.

"ஏண்ணே என் சாவியையே பாக்குறீங்க? அதுல என் பொண்ணோட போட்டோதான் இருக்கு," என்றாளாம்.

"இருக்கட்டும்மா. இருந்தாலும் இங்க சொருகிடாதே."